ஸ்டிக்கரில் எழுதிய இலக்கம்: வினாயகபுரம் ஓட்டோச் சாரதிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும், தம்பி என்று அழைக்க என் வயது இடங்கொடாத இரண்டொரு அண்ணன்மாருக்கும்,

அக்கரைப்பற்றிலிருந்து தம்பிலுவில், திருக்கோவில் கடந்து பொத்துவிலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, நமது வினாயகபுரத்துச் சந்தியில் வரிசையாய் நிற்கும் உங்கள் முச்சக்கரவண்டிகளில் ஏதாவதொன்றிலே வாரத்திற்கு நாலு தடவையாவது ஏறி, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வெள்ளிக்கிழமைகளில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலுக்குமாய்ப் போய்வரும் ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன் உங்கள் தொழில் விஷயத்திலே மடல் எழுதத் துணிந்தது அதிகப்பிரசங்கமென்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றினால் குற்றமில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவனுக்குத் தெரிந்ததைச் சொல்லாமலிருக்கும் வித்தை மட்டும் கைவரவில்லை.

மடல் எழுதத் தூண்டியது சென்ற பெரும்போக அறுவடைக் காலத்தில் நான் கண்ட ஒரு காட்சி. உங்களில் ஒருவர், தமது வண்டியின் எஞ்சினைக் கழற்றி யூரியாப் பையொன்றின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, பிசுடனைக் கையிலெடுத்து வெயிலுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பக்கவாட்டிலே, பூனை பிறாண்டியது போல, மேலிருந்து கீழாக நாலைந்து ஆழ்ந்த கீறல்கள். "ஐயாயிரத்துக்கு ஒருக்கா ஒயில் மாத்துறன் மாஸ்டர், ஒரு நாளும் பிந்தினதில்ல" என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த மனத்தாங்கல் நியாயமானதே. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் அவருக்குச் சாட்சி சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது அந்த 5,000 என்ற இலக்கந்தான்.

இதே பாடத்தை நானும் செலவழித்துப் படித்தவன். 2011 ஆம் ஆண்டளவில், ஊர் சற்றே மூச்சுவிடத் தொடங்கியிருந்த காலத்திலே, பழைய மோட்டார் சைக்கிளொன்றை வாங்கி, கைக்கு நல்லதென்று நான் நம்பிய ஒரு கராஜிலே ஒயில் மாற்றுவித்து, இனி ஐயாயிரம் கிலோமீற்றர் வரை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டியதில்லையென்ற நிம்மதியுடன் கோமாரிக்குப் புறப்பட்டவன், தாண்டியடி தாண்டுமுன்பே, பின்சில்லு பூட்டிக்கொண்டு வண்டி ஒரு முழம் இழுபட்டு நிற்க, கடற்காற்று மட்டும் துணையாய் நடுத்தெருவில் நின்றேன். உதிரிப்பாகம் வாங்க அக்கரைப்பற்றுக்குப் போனபோது, கடையிலிருந்த முதிய காக்கா ஒருவர், விலையைச் சொல்வதற்கு முன் என்னை ஒரு கேள்வி கேட்டார்: "ஒயில் மாத்துன நாளச் சொல்றீங்க மாஸ்டர், ஒயில் உள்ளுக்கு இரிக்கா எண்டு ஒரு நாளாவது பாத்தீங்களா?" பார்த்ததில்லை. மாற்றிய நாளிலிருந்து அந்த எஞ்சின் புகையோடு புகையாய்த் தினமும் கொஞ்சங் கொஞ்சமாய் ஒயிலைக் குடித்துக்கொண்டிருந்ததை நான் அறியவில்லை. எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்கிற நாம் எல்லோரும் இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறோம். காக்கா கேட்டதுதான் முதலாவது.

ஏனென்றால், கார் எஞ்சினொன்று மூன்று நாலு லீற்றர் ஒயிலைச் சுமந்துகொண்டு ஓட, உங்கள் வண்டியும் என் மோட்டார் சைக்கிளும் ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் சுமக்கின்றன. ஆயிரம் கிலோமீற்றருக்கு இருநூறு மில்லிலீற்றர் குறைகிற ஒரு பழைய எஞ்சினை, மூவாயிரம் ஓடும் வரை திறந்து பாராதிருந்தால், கார்க்காரனுக்கு நஷ்டம் ஆறில் ஒரு பங்கு. நமக்கோ பாதிக்கு மேல். மிஞ்சிய அந்தப் பாதி, முழு ஒயிலும் பகிர்ந்து தாங்கவேண்டிய உஷ்ணத்தையும் அழுக்கையும் தனியே தாங்கி, இரட்டிப்பு வேகத்தில் கெட்டுப்போகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை மட்டமான நிலத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி இட்டுப் பாருங்கள். கம்பியைத் திருகிப் பூட்டிப் பார்ப்பதா, வெறுமனே வாயில் வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டியோடு வந்த கையேட்டில் அது படம் போட்டுக் காட்டப்பட்டிருக்கும். அந்தக் கையேட்டை வீட்டில் எந்த அலுமாரித் தட்டுக்கு விரித்திருக்கிறீர்களோ, அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஐயாயிரத்துக்கு வருவோம். அமெரிக்க தேசத்திலே நெடுங்காலமாய் வழங்கிய 3,000 மைல் என்ற வழக்கத்தைக் கிலோமீற்றராக்கினால் ஏறத்தாழ 4,800 வரும். நம்மூர்ச் சேர்விஸ் நிலையங்கள் எழுதி ஒட்டும் இலக்கத்துக்கு அது எவ்வளவு அண்மையில் இருக்கிறதென்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த 3,000 மைல் இக்காலக் கார்களுக்கு அனாவசியமென்று கலிபோர்னியா மாநில அரசே பிரசாரம் செய்திருக்கிறது. ஜப்பானில் டொயோட்டா தன் சாதாரண பெற்றோல் கார்களுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருஷம் என்று நிர்ணயித்திருக்கிறது. இதைப் படித்து, "பார்த்தீர்களா, நாம் மூன்று மடங்கு வீண்செலவு செய்கிறோம்" என்று மகிழவேண்டாம். அதே அட்டவணையின் அடியிலே, கடுமையான பாவனைக்கு இதில் பாதியென்று எழுதியிருக்கிறது. கடுமையான பாவனை எதுவென்று கேட்டால், கரடுமுரடான தெருவில் ஓடுவது, குறுந்தூரப் பிரயாணங்களையே திரும்பத் திரும்பச் செய்வது, நின்றபடியே எஞ்சினை ஓடவிடுவது, மெல்ல ஊர்ந்து செல்வது என்று அடுக்குகிறார்கள். வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஜப்பானில் எவனோ ஒருவன் நம் சந்தியில் வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்து எழுதிக்கொண்டு போனது போல அல்லவா இருக்கிறது!

குறுந்தூரம் எஞ்சினைக் கெடுக்குமா என்று நீங்கள் சந்தேகிக்கலாம். நெடுந்தூரம் ஓடினால்தானே தேயும் என்பது பார்வைக்குச் சரியான தர்க்கம். ஆனால் ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாய்ப் பிறக்கிறது என்றால் நம்புவீர்களா? பெற்றோலில் உள்ள ஐதரசன் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்வதன் பயன் அது. எட்டாம் வகுப்புப் பாடம். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விட, பிசுடன் வளையங்களைத் தாண்டி ஒரு சிறு பங்கு ஒயில் இருக்கும் அறைக்குள் இறங்குகிறது. எஞ்சின் நன்றாய்ச் சூடேறி அரைமணி ஓடினால் அந்த ஈரம் மறுபடி ஆவியாகி வெளியேறும். ஓர் ஆச்சியைச் சந்தியில் ஏற்றி, ஒரு கிலோமீற்றரில் இறக்கி, திரும்பி வந்து நிறுத்தினால், ஈரம் போகாது. உள்ளேயே தங்கி, எரிவின் கழிவுகளோடு கூடி அமிலமாகும். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். தேங்காய்ப்பால் ஆடை படிந்தது போல வெளிறிய பசையொன்று அங்கே ஒட்டியிருந்தால், உங்கள் வண்டி போதிய தூரம் ஓடுவதில்லையென்று அர்த்தம்.

கிலோமீற்றரை விட்டு மணித்தியாலத்தால் கணக்குப் பார்ப்பதே உத்தமமென்று நான் நினைக்கிறேன். வயலில் ஓடும் உழவு இயந்திரங்களுக்கு அப்படித்தான் கணக்கு, பெரிய இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் 250 மணித்தியாலம். அக்கரைப்பற்றிலிருந்து இரவோடிரவாய்க் கொழும்புக்கு ஓடும் வானொன்று மணிக்குச் சராசரி 45 கிலோமீற்றர் போகிறதென்று வையுங்கள். ஐயாயிரம் கிலோமீற்றரை அது 111 மணித்தியாலத்தில் முடித்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தும், சந்தைக்குள் ஊர்ந்தும், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தரித்தும் ஓடுகிற உங்கள் வண்டியின் சராசரியை மணிக்குப் 15 என்று தாராளமாய் வைத்தாலும், அதே ஐயாயிரத்துக்கு 333 மணித்தியாலம் ஆகிறது. மீற்றர் காட்டும் இலக்கம் ஒன்று. ஒயில் பட்ட பாடு மூன்று மடங்கு.

2022 ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாம் பட்டதை நினைவுகூருங்கள். கியூ.ஆர். முறை வந்த ஆரம்பத்திலே முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு நாலு லீற்றர். லீற்றருக்கு 25 கிலோமீற்றரென்று பார்த்தாலும் உங்கள் வண்டி வாரத்தில் 125 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிராது. அந்தக் கணக்கில் ஐயாயிரம் முடிய நாற்பது வாரம், அதாவது ஒன்பது மாதத்துக்கு மேல். வண்டி ஓடவில்லை, ஆகவே ஒயில் கெடவில்லை என்றிருந்தோம். அந்த ஓட்டமும் வரிசையில் பத்தடிக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி நகர்த்திய ஓட்டம்; ஒயிலுக்கு அதைவிடக் கெட்ட ஓட்டம் வேறில்லை. அந்நாட்களின் ஒயிலை மாற்றாமல் இழுத்துக்கொண்டு போன எத்தனை எஞ்சின்கள் அடுத்த வருஷத்தில் திறக்கப்பட்டன என்பதை நீங்களே அறிவீர்கள். மேலும், 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 வரைக்கும் தனியாருக்குத் திறக்கப்படாதிருந்தபடியால், கையிலிருந்த பழைய வண்டியே இன்றும் பலருக்குச் சீதனமும் சேமிப்புமாக இருக்கிறது. அதைக் கொல்வது வீட்டைக் கொளுத்துவதற்குச் சமானம்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: கையேடு இருந்தால், அதில் சாதாரண பாவனைக்குச் சொன்னதில் பாதி, கையேடு தொலைந்திருந்தால் 2,500 கிலோமீற்றர், எவ்வளவு குறைவாய் ஓடினாலும் ஆறு மாதத்தைத் தாண்டவேண்டாம். ஆயிரத்துக்கு ஒருமுறை மாற்றுகிற பக்திமான்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, மாற்றும் பணத்தில் பாதியைக் காற்று வடிகட்டிக்குச் செலவிடுங்கள். கஞ்சிகுடிச்சாறுக் குளத்துப் பக்கமோ சாகாமத்துக்கோ சூடடிக்கும் காலத்தில் ஓடிவந்த வண்டியின் பில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்தச் செம்புழுதியின் நுண்மணல், கிழிந்த பில்டர் வழியே உள்ளே போனால், ஒயில் அம்மியில் அரைத்த மாவாகிவிடும். பிறகு அது உயவாது, அரைக்கும். யூரியாப் பையின் மேல் கண்ட கீறல்களுக்கு நான் சந்தேகிக்கும் காரணமும் அதுதான்.

ஒயில் கறுத்துவிட்டதே என்று பயப்படுவதும் அனாவசியம். நல்ல ஒயிலில் சோப்பைப் போன்ற சரக்கொன்று சேர்த்திருக்கிறார்கள். கரியைப் பிசுடனில் படியவிடாமல் தன்னிலே ஏந்திக்கொள்வதால் அது கறுக்கிறது. கறுக்காமலே இருக்கும் ஒயில்தான் சந்தேகத்துக்குரியது. கறுப்பைப் பாராமல், இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து நறநறக்கிறதா, மூக்கிலே பெற்றோல் மணக்கிறதா என்று பாருங்கள். பால்தேநீர் நிறத்துக்குத் திரும்பியிருந்தால், தண்ணீர் புகுந்துவிட்டது. எஞ்சினை ஒரு தரங்கூடத் திருப்பவேண்டாம். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்து போன பின், மணலுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த மோட்டார் சைக்கிள்களின் அடி நட்டைத் தளர்த்தியபோது முதலில் ஒழுகியது உப்புத்தண்ணீர். அது தீர்ந்தபின்தான் ஒயில் வந்தது. பாரமான தண்ணீர் அடியிலே நிற்கும், ஒயில் மேலே மிதக்கும். எஞ்சினோ அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. மார்கழி மழையில் தெருவெள்ளத்தில் இறக்கி நின்றுபோன வண்டிக்கும் இதுவே கதி.

எந்த ஒயில் என்பதிலும் ஒரு வார்த்தை. தகரத்தில் 20டபிள்யூ-50 என்றிருக்கும் இலக்கம், 1911 ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார் எஞ்சினியர்கள் வகுத்த அளவீட்டின் வழிவந்தது. டபிள்யூ என்பது அவர்களது குளிர்காலத்தைக் குறிப்பது. நம்மூரில் மார்கழி விடியற்காலையிலே போர்வை தேடுகிறவர்களுக்குக்கூட அந்தக் குளிர் வராதாகையால், பின்னால் நிற்கும் இலக்கமே நமக்கு முக்கியம். அதைவிட முக்கியம் தகரத்தின் பின்புறத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் ஜாசோ எம்.ஏ. என்ற குறி. உங்கள் நாலு ஸ்ட்ரோக் வண்டியில் கிளச்சும் அதே ஒயிலில்தான் நனைந்து சுழல்கிறது. வழுக்குவதற்கென்றே மருந்து சேர்த்த புதிய ரகக் கார் ஒயிலை, மலிவாய்க் கிடைத்ததென்று ஊற்றினால், எஞ்சின் இரைந்துகொண்டிருக்க வண்டி நகராது நிற்கும் அதிசயத்தைக் காண்பீர்கள். திருகோணமலையிலே ஒயில் கலக்கும் ஆலை இயங்கும் காலத்தில் நல்ல சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் முத்திரை உடைந்த தகரத்தையும், பாதியில் திறந்து அளந்து ஊற்றும் பீப்பாவையும் நம்பவேண்டாம். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த மடலில் வேலையில்லை. அவர்களுடைய ஒயில் பெற்றோலோடு கலந்து எரிந்துவிடுகிறது, கியர் ஒயிலை மட்டும் கவனித்தாற் போதும்.

கடைசியாக, மனத்தை உறுத்தும் விஷயமொன்று. கழற்றிய ஒயிலை என்ன செய்கிறீர்கள்? கறையானுக்கென்று வேலித்தூணில் பூசியது போக மிச்சத்தைச் சந்தியின் பின்புறத்து மணலில் ஊற்றுவதை நான் கண்டிருக்கிறேன். சொல்ல வெட்கமாயிருந்தாலும், ஒரு காலத்தில் நானும் ஊற்றியிருக்கிறேன். நம் நிலம் மணல் நிலம். ஊற்றியது நிற்காது, இறங்கும். இரண்டு பாகத்தில் தண்ணீர் காணும் கிணறுகளிலேதான் நாம் குளிக்கிறோம், பலர் குடிக்கிறோம். ஒரு தடவை மாற்றிய ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லதென்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் சொல்கிறது. அமெரிக்கா தூரமென்றால், யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் தூரமில்லை. அங்கே மின்னுற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதக்க, அந்த வழக்கிலே 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. பணம் கிடைத்தாலும் கெட்ட கிணற்றை யாரால் கழுவமுடியும்?

ஆதலால் என் வீட்டு வளவிலே, முருங்கைமரத்தடியில், இருபது லீற்றர் நீலக் கலனொன்றைப் புனலோடு வைத்திருக்கிறேன். படலை பூட்டுவதில்லை. எஞ்சின் சூடாயிருக்கும்போதே, கை சுடாத அளவுக்கு, கழற்றிக் கொண்டுவந்து ஊற்றுங்கள். சூட்டில்தான் அழுக்கும் கூடவே இறங்கும். தண்ணீரோ பெற்றோலோ அதில் கலக்கவேண்டாம். கலன் நிறைந்ததும் கழிவு ஒயில் சேகரிக்க அனுமதிப்பத்திரம் உள்ளவர்களைக் கண்டுபிடித்து ஒப்படைப்பது என் பொறுப்பு; ஓய்வூதியக்காரனுக்கு அலைய நேரம் இருக்கிறது.

யூரியாப் பையின் மேல் எஞ்சினைப் பரப்பியிருந்த தம்பி, சிலிண்டரைப் போர் பண்ணி, புதுப் பிசுடன் போட்டு, பத்து நாளாய் மறுபடி சந்தியில் நிற்கிறார். ஐந்நூறு கிலோமீற்றரில் முதல் ஒயிலை மாற்றச் சொல்லியிருக்கிறேன். நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்குப் போக ஏறியபோது, "கொஞ்சம் இரிங்க மாஸ்டர்" என்று இறங்கிப் பின்பக்கம் போனவர், கம்பியைப் பழைய சாரத்துண்டால் துடைத்து, இட்டு, எடுத்து, என் கண்ணாடிக்கு நேரே நீட்டினார். மேற்கோட்டுக்கு ஒரு நெல்மணி அளவு கீழே, தேன் நிறத்தில், ஈரம் பளபளத்தது.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கைக்காரன்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன்,
வினாயகபுரம்.